நான்கு வெற்றிக்காரனா, ஒற்றை வெற்றிக்காரனா?

கேள்வி: தக்கலை அருகே ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். எங்கள் பேஸ்பால் அணியில் இரண்டு பிட்சர்கள் (பந்து வீசுபவர்கள்). மூத்தவன் 30 இன்னிங்ஸ் வீசி 4 வெற்றி, 1 தோல்வி. இளையவன் 28.1 இன்னிங்ஸ் வீசி 1 வெற்றி, 3 தோல்வி. அடுத்த தொடரில் மூத்தவனைக் கொண்டே ஆட்டத்தைத் தொடங்க வேண்டும் என்கிறார்கள் பெற்றோர். எனக்கோ இளையவன் மீதுதான் நம்பிக்கை. ஸ்கோர் புத்தகத்தின் நகலை இணைத்திருக்கிறேன். யார் சொல்வது சரி?

பதில்: நீங்கள் சொல்வதுதான் சரி. ஆனால் பெற்றோரிடம் காட்டக் கணக்கு வேண்டுமே!

கிரிக்கெட்டில் ஒரு பந்துவீச்சாளரின் பெயருக்கு நேரே வெற்றி, தோல்வி என்று யாரும் எழுதுவதில்லை. பேஸ்பாலில் எழுதுகிறார்கள், குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. அமெரிக்கத் தொழில்முறை விதிப்படி, தொடக்க பிட்சர் குறைந்தது 5 இன்னிங்ஸ் வீசியிருக்க வேண்டும், அவர் இறங்கும்போது அணி முன்னிலையில் இருக்க வேண்டும், அந்த முன்னிலை கடைசிவரை நிலைக்கவும் வேண்டும். அப்போதுதான் வெற்றி அவர் கணக்கில் சேரும். அணி ரன் அடிக்காவிட்டால் அவர் எப்படி வீசினாலும் பயனில்லை. 1987இல் அமெரிக்க பிட்சர் நோலன் ரையன் தன் லீகிலேயே மிகக் குறைந்த இ.ஆர்.ஏ. (ஒரு முழு ஆட்டத்துக்குச் சராசரியாகக் கொடுத்த ரன்; 2.76), மிக அதிக ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை வெளியேற்றுவது; 270) இரண்டையும் வைத்திருந்தார், கையில் கிடைத்தது 8 வெற்றி, 16 தோல்வி. 2018இல் நியூயார்க் மெட்ஸ் அணியின் ஜேக்கப் டிகிராம் 1.70 இ.ஆர்.ஏ.வுடன் 10 வெற்றி, 9 தோல்வி. ஆனால் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது அவருக்குத்தான் போனது.

இ.ஆர்.ஏ. என்பது, பிட்சர் பொறுப்பேற்க வேண்டிய ரன்களை 9ஆல் (ஒரு முழு ஆட்டம் 9 இன்னிங்ஸ்) பெருக்கி, வீசிய இன்னிங்ஸால் வகுத்தால் வரும் எண். ஃபீல்டரின் பிழையால் வந்த ரன் இதில் சேராது. உங்கள் புத்தகத்தில் இளையவன் பெயரில் 17 ரன்கள் இருக்கின்றன. அவற்றில் 9 பிழையால் வந்தவை. மீதி 8. ஒரு எச்சரிக்கை: 28.1 என்பதைக் கிரிக்கெட் ஓவர் போலவோ தசமமாகவோ படிக்காதீர்கள். ஒரு இன்னிங்ஸுக்கு மூன்று அவுட் என்பதால் அது 28 இன்னிங்ஸும் மூன்றில் ஒரு பங்கும். அப்படிப் பார்த்தால் அவன் இ.ஆர்.ஏ. 2.54. மூத்தவன் பொறுப்பேற்க வேண்டிய ரன் 16; இ.ஆர்.ஏ. 4.80. உங்கள் ஆட்டங்கள் 7 இன்னிங்ஸ் என்றால் 7ஆல் பெருக்குங்கள். இருவருக்கும் ஒரே எண் என்பதால் முடிவு மாறாது.

இதோடு நின்றுவிடாதீர்கள். இ.ஆர்.ஏ.விலும் ஓட்டை உண்டு. மெதுவாக ஓடும் ஃபீல்டர் பந்தருகே போய்ச் சேரவே இல்லையென்றால் அது பிழையாகாது, ஹிட்டாகிவிடும் (பேட்டர் அடித்தே பேஸைச் சேர்ந்ததாகக் கணக்கு). பழி பிட்சர் தலையில் விழும். மழையால் பால்வெட்டு நின்றுபோனதற்கு ரப்பர் வெட்டுபவரைக் குறை சொல்வது போலத்தான் இது. மட்டையில் பட்டு மைதானத்துக்குள் போன பந்து ஹிட்டாவதில் பிட்சரின் கட்டுப்பாடு குறைவு என்று 2001இல் வோரோஸ் மெக்ராக்கன் வாதிட்டார். பலர் நம்ப மறுத்தார்கள். இன்று ஸ்ட்ரைக் அவுட், வாக் (நான்கு தவறான பந்துகளால் பேட்டருக்கு இலவசமாகக் கிடைக்கும் முதல் பேஸ்), பேட்டர் மீது பட்ட பந்து, ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் போன்ற அடி) ஆகியவற்றை மட்டும் வைத்துக் கணக்கிடும் ‘ஃபிப்’ என்ற அளவு, அந்தச் சிந்தனையில் பிறந்தது.

பெற்றோரிடம் நான் முதலில் காட்டுவது ஸ்ட்ரைக் அவுட்டையும் வாக்கையும்தான். இளையவன் 34 ஸ்ட்ரைக் அவுட், 7 வாக். மூத்தவன் 18 ஸ்ட்ரைக் அவுட், 19 வாக்! எதிரணியைத் தானே நடக்கவிட்டுவிட்டு, நண்பர்களின் மட்டையால் தப்பித்திருக்கிறான்.

எந்த மைதானம் என்பதையும் குறித்துவையுங்கள். கடல் மட்டத்திலிருந்து 5,280 அடி உயரமுள்ள டென்வரில் காற்று அடர்த்தி குறைவு. பந்து கூடுதல் தூரம் பறக்கும். அங்கு வீசுபவரின் எண்களைத் திருத்தித்தான் ஒப்பிடுவார்கள். நம் பக்கத்தில் உயரம் இல்லை, ஆனால் ஆரல்வாய்மொழிக் காற்று இருக்கிறது. ஆடிக் காற்றில் கொடுத்த ஹோம் ரன்னையும் மார்த்தாண்டத்தில் கொடுத்ததையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

முப்பது இன்னிங்ஸ் மிகச் சிறிய கணக்கு என்பதையும் மறைக்க மாட்டேன். பலவீனமான அணிகளையே ஒருவன் சந்தித்திருந்தால் எண்கள் பொய் சொல்லும். எனவே இளையவனைத் தொடக்கத்தில் இறக்குங்கள், மூத்தவனுக்கு வாக்கைக் குறைக்கும் பயிற்சி கொடுங்கள். புத்தகத்தில் ‘வீசிய பந்துகள்’ என்று ஒரு பத்தியையும் சேருங்கள். 15, 16 வயதினருக்கு ஒரு நாளில் 95 பந்துக்கு மேல் கூடாது, 76ஐத் தொட்டாலே நான்கு நாள் ஓய்வு என்பது அமெரிக்க இளையோர் பேஸ்பாலின் வழிகாட்டுதல்.