படிக்கப் போனவள் ஊர் சுற்றலாமா?

கேள்வி: ஜெர்மனியில் ஆகன் நகரில் எம்.எஸ். படிக்கிறேன். வந்து எட்டு மாதம் ஆகிறது. நாமக்கல்லில் அப்பா வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துக் கல்விக் கடன் வாங்கித்தான் அனுப்பினார். விடுமுறைக்குத் தோழிகள் பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம், ப்ராக், வியன்னா என்று பத்து நாளில் ஐந்து ஊர் போகக் கூப்பிடுகிறார்கள். ஆளுக்கு 700 யூரோ வருமாம். கொலோனில் எடுத்த ஒரே ஒரு படத்தை ஸ்டேட்டஸில் வைத்ததற்கே, "படிக்கப் போனாளா, ஊர் சுத்தப் போனாளா?" என்று அத்தை அப்பாவிடம் கேட்டுவிட்டார். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகூட அறையை விட்டு வெளியே போகப் பிடிக்கவில்லை. நான் போகலாமா, வேண்டாமா?
— பெயர் வேண்டாம், ஆகன்

பதில்: போகலாம் கண்ணு, தாராளமாகப் போ. ஆனால் அந்த ஐந்து ஊர்ப் பயணம் மட்டும் வேண்டாம்.

அத்தைக்குப் பயந்து சொல்லவில்லை. நீ விசாவுக்காகப் பணம் போட்ட ப்ளாக்டு அக்கவுண்டில், அதாவது மாதாமாதம் இவ்வளவுதான் எடுக்கலாம் என்று கட்டுப்படுத்திய வங்கிக் கணக்கில் இருந்து மாதம் 992 யூரோ வரும். அதில்தான் வாடகை, காப்பீடு, சாப்பாடு எல்லாம். அப்படியிருக்க 700 யூரோவைப் பத்து நாளில் கரைத்துவிட்டு வந்தால், அடுத்த இரண்டு மாதம் ரசம் சாதம்தான். அது போகட்டும், அப்படி ஓடினால் எதையும் பார்க்கவும் முடியாது. சில வருடங்களுக்கு முன் நானே ஒரு குழுவோடு இப்படித்தான் ஓடினேன். பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்துக்குள் எங்களுக்கு விட்ட நேரம் நாற்பது நிமிடம். மோனாலிசா முன்னால் நான் பார்த்தது முன்னால் நின்றவர்களின் பின்னந்தலையையும் தூக்கிப் பிடித்த செல்போன்களையும்தான்.

பாரிஸ் மட்டும் மூன்று நாள் போய் வா. ஆகனிலிருந்து பஸ்ஸே இருக்கிறது. விமானம் மலிவு என்று யாராவது சொன்னால், எந்த விமான நிலையம் என்று கேள். 'பாரிஸ் போவே' என்று போட்டிருக்கும், ஊரோ அங்கிருந்து எண்பது கிலோமீட்டருக்கு மேல். உனக்கு 26 வயது ஆகவில்லையென்றால் ரெசிடென்ஸ் கார்டை மறக்காதே. ஐரோப்பிய ஒன்றியத்தில் குடியிருக்கும் இளைஞர்களுக்கு லூவரிலும் வெர்சாய் அரண்மனையிலும் கட்டணம் கிடையாது. இந்தியக் குடிமகள் என்பது தடையில்லை, அங்கே குடியிருக்கிறாயா என்பதுதான் கணக்கு. இலவசமானாலும் லூவருக்கு நேரத்தை ஆன்லைனில் முன்பே பிடித்துவிடு. செவ்வாய்க்கிழமை லூவருக்கு விடுமுறை, திங்கள்கிழமை வெர்சாய்க்கு.

பாஸ்போர்ட், கார்டு இரண்டும் கையில் இருக்கட்டும். இப்போதெல்லாம் எல்லையில் பஸ்ஸை நிறுத்திப் பார்க்கிறார்கள். கார்டு காலாவதியாகி, புதுப்பிக்கக் கொடுத்ததற்கு வெறும் தாள் மட்டும் வைத்திருந்தால், வெளிநாட்டவர் அலுவலகத்தில் கேட்காமல் எல்லை தாண்டாதே. இங்கிலாந்துக்குத் தனி விசா வேண்டும் என்பது தெரியும்தானே?

சரி, பாரிஸ் வருடத்துக்கு ஒரு முறை. மற்ற ஞாயிற்றுக்கிழமைகளுக்குத்தான் உன்னிடம் புதையல் இருக்கிறது. செமஸ்டர் கட்டணத்தோடு ரயில் டிக்கெட்டுக்கும் சேர்த்துத்தானே பணம் கட்டியிருக்கிறாய்? ஜெர்மனி முழுக்க ரீஜனல் ரயிலில் போகலாம், ஐசிஇ, ஐசி மாதிரி தொலைதூர ரயில்கள் ஆகாது. நீ அறைக்குள் உட்கார்ந்திருந்தால் அப்பாவின் காசு மிச்சமாவதில்லை, கட்டிய காசு வீணாகிறது.

ஒரு நாள் விடிகாலையில் கொலோன் வழியாகக் கோப்லென்ஸுக்குப் போ. மோசெல் ஆறு வந்து ரைன் நதியில் கலக்கும் முனையைப் பார்த்துவிட்டு, ரைனின் இடது கரை வழியாக மைன்ஸ் போகும் ரீஜனல் ரயிலில் ஏறு. இடப்பக்க ஜன்னலோரம் பிடி. பிங்கன் வரும்வரை ஆறு கூடவே வரும். எதிர்க்கரையில் செங்குத்தாகத் திராட்சைத் தோட்டங்கள், ஒவ்வொரு வளைவிலும் ஒரு கோட்டை. போனை எடுத்துப் படம் பிடிப்பதற்குள் அடுத்த கோட்டை வந்துவிடும். புளிசாதம் கட்டிக்கொண்டு போ, ஞாயிறன்று அங்கே கடை திறக்காது என்று உனக்கே தெரியும். நெதர்லாந்து பார்க்க வேண்டுமா? வால்ஸுக்கு டவுன் பஸ்ஸே போகிறது. அங்கிருந்து குன்றேறினால் மூன்று நாட்டு எல்லையும் சந்திக்கும் இடம் வரும்.

அத்தைக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. அப்பாவிடம் மட்டும் மறைக்காதே. பரீட்சை எப்போது முடிகிறது, எங்கே போகிறாய், எவ்வளவு செலவாகும் என்று கிளம்புமுன் நீயே போன் போட்டுச் சொல்லிவிடு. அடுத்தவர் வாயால் கேள்விப்படுவதுதான் அவருக்குச் சங்கடமாக இருந்திருக்கும்.

அப்புறம், ஆகன் பேராலயத்துக்குள் போனாயா? போயிருந்தால் கடிதத்தில் எழுதியிருப்பாய். அதன் மையப் பகுதி பேரரசர் சார்லமேன் கட்டியது. 1978-இல் ஜெர்மனியிலேயே முதன்முதலாக உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய இடம். மாடியில் அவர் பெயரால் ஒரு சிம்மாசனம் இருக்கிறது. தங்கமும் இல்லை, ரத்தினமும் இல்லை, வெறும் பளிங்குப் பலகைகள். 936 முதல் 1531 வரை அங்கே முடிசூடிய ஜெர்மானிய மன்னர்கள் அதில்தான் உட்கார்ந்தார்கள். கைடோடு போனால்தான் காட்டுவார்கள்.

அந்தக் கோயிலுக்கும் ஒரு கடன் கதை உண்டு. கட்டி முடிக்கப் பணம் போதாமல் ஊரார் சாத்தானிடம் கடன் வாங்கினார்களாம். முதலில் உள்ளே வரும் உயிர் எனக்கு என்றானாம் அவன். இவர்கள் ஒரு ஓநாயை உள்ளே விரட்டிவிட்டார்கள்! ஏமாந்த கோபத்தில் அவன் கதவை அறைந்து சாத்தியபோது கட்டைவிரல் சிக்கி அறுந்துவிட்டது. வாசலில் அந்த வெண்கலக் கதவு இன்னும் இருக்கிறது. அதிலுள்ள சிங்க முகத்தின் வாய்க்குள் விரலை விட்டால் சாத்தானின் கட்டைவிரல் தட்டுப்படும் என்பார்கள். இந்த ஞாயிறு போய்த் தொட்டுப் பார். படத்தை முதலில் அப்பாவுக்கு அனுப்பு, ஸ்டேட்டஸ் அப்புறம்.