தடித்த உருண்டை எழுத்து எங்கே பொருந்தும்?

கேள்வி: சிறுவர் கதைத் தொகுப்பு ஒன்றைச் சொந்தமாக அச்சிடுகிறோம். அட்டையில் 'பலூ தம்பி' எழுத்துரு மிக அழகாக அமைந்தது. அதையே உள்ளே கதைகளுக்கும் வைத்தபோது பக்கம் முழுவதும் கறுத்துப்போய், படிக்கச் சிரமமாக இருக்கிறது. குறை எழுத்துருவிலா, எங்களிடமா?
- வாசகி, ஈரோடு

பதில்: எழுத்துருவில் குறை இல்லை, அதற்கு உரியதல்லாத வேலையைக் கொடுத்திருக்கிறீர்கள். மும்பையின் 'ஏக் டைப்' குழு உருவாக்கிய பலூ குடும்பம் தலைப்புகளுக்கென்றே வரையப்பட்டது. மலையாளத்துக்குச் சேட்டன், தெலுங்குக்குத் தம்முடு, தமிழுக்குத் தம்பி என்று ஒவ்வோர் எழுத்துமுறைக்கும் அதில் ஓர் உறுப்பினர் உண்டு. கோடுகள் பருத்தும் மூலைகள் மழுங்கியும் இருப்பதால், பெரிய அளவில் அவ்வெழுத்துகளுக்குக் குழந்தைகள் விரும்பும் ஒரு கொழுகொழுப்பு வந்துவிடுகிறது. உங்கள் அட்டை எடுப்பாக அமைந்ததற்கு அதுவே காரணம்.

ஆனால், கோடு தடிக்கத் தடிக்க எழுத்தின் உள்ளே இருக்கும் வெள்ளை இடம் குறைகிறது. தமிழுக்கு இது பெரிய இடர், ஏனெனில் நம் எழுத்துகள் பலவற்றைச் சுழிகளே அடையாளம் காட்டுகின்றன. 'மணம்', 'மனம்' என்ற இரண்டையும் இந்த எழுத்துருவில் பத்துப் புள்ளி (பாயின்ட்) அளவில் அச்சிட்டு அருகருகே வைத்துப் பாருங்கள்: மூன்று சுழி ணகரத்தின் சுழிகளை மை அடைத்துக்கொள்ள, அதை இரண்டு சுழி னகரத்திலிருந்து பிரித்தறியக் கண் தடுமாறும். எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தைக்கு இந்தத் தடுமாற்றத்தைத் தரக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஆகவே அட்டைக்கும் கதைத் தலைப்புகளுக்கும் பலூ தம்பியை வைத்துக்கொண்டு, கதைப் பகுதிக்கு மெலிந்த கோடுகளும் திறந்த சுழிகளும் கொண்ட வேறோர் எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள். ஒரே குடும்பமாக இருக்க வேண்டும் என்றால், பின்னர் வந்த 'பலூ தம்பி 2' ஐந்து தடிமன்களில் கிடைக்கிறது. அதன் மெல்லிய வடிவம் படங்களுக்குக் கீழே வரும் ஓரிரு வரிகளைத் தாங்கும். தலைப்பு இரண்டு வரிகளாக உடையும்போது வரி இடைவெளியைச் சற்றுக் கூட்டுங்கள். இல்லையென்றால் மேல் வரியின் 'கூ', 'மூ' போன்றவற்றின் கீழ்வளைவுகள் அடுத்த வரியின் மெய்ப்புள்ளிகளோடு மோதும்.

கேள்வி: இதே எழுத்துருவை எங்கள் முறுக்குப் பாக்கெட்டில் அச்சிடக் கட்டணம் உண்டா?
- வாசகர், மணப்பாறை

பதில்: இல்லை. கூகுள் ஃபான்ட்ஸ் தளத்தில் கிடைக்கும் இந்த எழுத்துரு திறந்த உரிமத்தில் வெளிவந்தது. விற்பனைப் பொருள்களிலும் தாராளமாகப் பயன்படுத்தலாம், எழுத்துருக் கோப்பை மட்டும் தனியாக விற்கக் கூடாது. இதே குடும்பத்தில் ஆங்கில எழுத்துகளும் இருப்பதால், பாக்கெட்டில் இரு மொழிகளிலும் பெயர் ஒரே கனத்தில் நிற்கும். சேர்மானப் பட்டியலையும் காலாவதித் தேதியையும் மட்டும் இதில் அச்சிட வேண்டாம். அவை சிறிய அளவில் தெளிவாகத் தெரிய வேண்டியவை.