வீட்டுக்கு மட்டும் தனி எண்ணெய்

கேள்வி: மூன்று தலைமுறையாக எங்களுக்கு எண்ணெய் வியாபாரம். அப்பா காலமான பிறகு கடையை அண்ணன் பார்க்கிறார், நான் கணக்கு எழுதுகிறேன். நான்கு வருடங்களாக நல்லெண்ணெயில் பாமாயில் கலந்து நல்லெண்ணெய் என்றே விற்கிறோம். "ஊரெல்லாம் இதுதான் நடக்கிறது. பாமாயில் என்ன விஷமா, ரேஷனிலேயே கொடுக்கிறார்களே" என்கிறார் அண்ணன். வீட்டுக்கு மட்டும் அம்மா செக்கில் ஆட்டித் தனியாக எடுத்து வைத்துவிடுவார். நாங்கள் பக்தியுள்ள குடும்பம். லாபத்தில் ஒரு பங்கை முருகன் பெயரில் தனிக் கணக்காக வைத்திருக்கிறோம். பங்குனி உத்திர அன்னதானத்துக்கு எண்ணெய் முழுக்க எங்கள் உபயம். ஆனாலும் மனசு உறுத்துகிறது. மூத்தவர் பேச்சைத் தட்டவும் முடியவில்லை. அன்னதானத்தை இன்னும் பெரிதாகச் செய்தால் இந்தப் பாவம் கழியுமா? என் பிள்ளைகளைத் தொடருமா?

பெயர் வேண்டாம், மதுரை மாவட்டம்

பதில்: கழியாது.

தம்பி, முருகனைப் பற்றியும் உபயத்தைப் பற்றியும் விரிவாக எழுதிவிட்டு, நடுவில் ஒரு வரியைப் போகிற போக்கில் போட்டிருக்கிறீர்கள். வீட்டுக்கு மட்டும் அம்மா தனியாக எடுத்து வைத்துவிடுவார் என்று. அதைப் படித்த பிறகு மற்ற எதுவும் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

பாமாயிலில் ஒரு கெடுதலும் இல்லை என்று அண்ணன் நிஜமாகவே நம்பினால், வீட்டுத் தோசைக்கல்லிலும் அதையே ஊற்றச் சொல்லலாமே? ஏன் சொல்லவில்லை? அம்மா எடுத்து வைத்த எண்ணெயில்தான் அவரும் இட்லிப்பொடி குழைத்துச் சாப்பிடுகிறார். உங்கள் கடையில் கால் லிட்டர் வாங்கிப் போகிற பெண் அதைக் குழந்தைக்குத் தலையில் வைத்துக் குளிப்பாட்டுகிறாள். பிள்ளை பெற்று வந்திருக்கும் மகளின் பத்தியச் சாப்பாட்டில் ஊற்றுகிறாள். நல்லெண்ணெய் உடம்புக்கு நல்லது என்று நம்பித்தான், வேறு செலவைக் குறைத்துக்கொண்டு அந்த விலையைக் கொடுக்கிறாள். உங்கள் அம்மாவுக்கு இருக்கும் அதே அக்கறைதான் அவளுக்கும். தான் வாங்குவது என்ன என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது.

ரேஷன் பேச்சு இங்கே எடுபடாது. அங்கே லிட்டர் 25 ரூபாய், பாக்கெட்டிலேயே பாமாயில் என்று போட்டிருக்கிறது, தெரிந்து வாங்குகிறார்கள். இரண்டு எண்ணெயைக் கலந்து விற்கச் சட்டத்திலும் இடம் இருக்கிறது; உரிய அனுமதி வாங்கி, எது எத்தனை சதவீதம் என்று லேபிளில் போட்டு, பாக்கெட் செய்து விற்க வேண்டும். அப்படி எழுதினால் நல்லெண்ணெய் விலை கிடைக்காது என்பதால்தானே எழுதவில்லை? இன்று பாமாயில் சரி, நாளைக்கு அதைவிட மலிவாக ஒன்றை மொத்த வியாபாரி இறக்கினால் அதில் என்ன இருக்கிறது என்று நீங்கள் பார்க்கப்போகிறீர்களா? 1998இல் டெல்லியில் கடுகெண்ணெயில் பிரமதண்டு விதை எண்ணெய் கலந்திருந்தது. உடம்பு வீங்கி 60 பேருக்கு மேல் செத்தார்கள்.

வியாபாரம் செய்கிறவர்களுக்காக வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தைக் குறள் 120இல் முடிக்கிறார். ‘வாணிகம் செய்வார்க்கு வாணிகம் பேணிப் பிறவும் தமபோல் செயின்.’ அடுத்தவர் பொருளையும் தன் பொருள்போலப் பார்த்தால்தான் அது வியாபாரம். உங்கள் வீட்டில் அடுப்பங்கரைக்கு ஒரு டின், கடைக்கு ஒரு டின். மதீனாச் சந்தையில் நபிகள் நாயகம் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது மேலே காய்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருந்தது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. அப்படியானால் ஈரமானதை மேலே வைத்திருக்கலாமே, வாங்குகிறவர்கள் பார்ப்பார்களே என்றார் நபிகள். ஏமாற்றுகிறவர் நம்மைச் சேர்ந்தவர் அல்ல என்றும் சொன்னார். தானம் கொடுத்துச் சரிக்கட்டிக்கொள் என்று அவரிடம் சொல்லவில்லை.

அன்னதானத்துக்குப் போகிற எண்ணெய் எந்த டின்னிலிருந்து போகிறது? அதை நீங்கள் எழுதவில்லை. அம்மாவின் டின்னிலிருந்து போகாது என்றுதான் நினைக்கிறேன்.

பிள்ளைகளைத் தொடருமா என்கிறீர்கள். அடுத்த ஜென்மம் வரை போக வேண்டாம். "கடை எண்ணெய் நமக்கு வேண்டாம்டா" என்று பாட்டி சொல்வது அவர்கள் காதில் தினமும் விழுகிறது. ஊருக்கு ஒன்று, நமக்கு ஒன்று என்பதை இப்போதே கற்றுக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் அம்மா மீதும் எனக்கு வருத்தம்தான். பெரிய மகனைக் கூப்பிட்டுக் கண்டித்திருக்க வேண்டியவர், தன் வீட்டுச் சட்டியை மட்டும் காப்பாற்றிக்கொண்டார்.

மூத்தவருக்கு அடங்கிப் போவது நல்ல பழக்கம், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நாலு வருட லாபமும் உங்கள் கையெழுத்தில்தான் பேரேட்டில் ஏறியிருக்கிறது. அண்ணன் செய்தார், நான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. தப்பான வழியில் போகிற அண்ணனைக் கையைப் பிடித்து நிறுத்துவதும் தம்பியின் கடமைதான்.

முதலில் அம்மாவின் தனி டின்னை நிறுத்துங்கள். கடை எண்ணெயை வீட்டுக்குக் கொண்டுவந்து, அண்ணன் இலையில் உட்கார்ந்திருக்கும்போது, அவர் பிள்ளையின் தட்டில் ஊற்றச் சொல்லுங்கள். பேச்சை அங்கேயே ஆரம்பியுங்கள். குடோனில் கலந்து வைத்திருக்கும் சரக்கு இனி யார் வாய்க்கும் போகக்கூடாது. கலந்தது என்று பில்லில் எழுதி, சோப்புப் போடுகிறவர்களுக்குத் தள்ளிவிடுங்கள். அப்புறம் அந்த முருகன் கணக்கு. சுத்தமான நல்லெண்ணெயை, இப்போது விற்கிற விலைக்கே, இத்தனை நாள் ஏமாந்த வாடிக்கைக்காரர்களுக்குக் கொடுங்கள். நஷ்டம் வரும். அதை முருகன் பெயரில் இருக்கும் பணத்திலிருந்து ஈடுகட்டுங்கள். சாமி பணத்தைத் தொடலாமா என்று பயப்படாதீர்கள். அது அவர்களிடமிருந்து எடுத்த பணம், அவர்களுக்கே போகட்டும். அது தீரும்வரை அன்னதான உபயம் வேண்டாம்.

அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் பாகம் பிரித்துக்கொண்டு வெளியே வாருங்கள். அப்பா வைத்த கடையை உடைத்துவிட்டான் என்று உங்களைத்தான் ஊர் ஏசும். அதைத் தாங்கிக்கொள்ளுங்கள்.