கேள்வி – பதில்: குழலில் ஸ்தாயி தாண்டும்போது

கேள்வி: கர்நாடகக் குழலில் ‘ஸ ரி க’ சரியாக வருகிறது. மத்தியமத்துக்குப் (ம) போனால் சத்தம் உடைகிறது. மேல் ஸ்தாயியில் (ஸ முதல் அடுத்த ஸ வரையிலான ஸ்வரத் தொகுதி) வெறும் காற்றுதான். குழலில் கோளாறா?

பதில்: கோளாறு பெரும்பாலும் உதட்டில்தான். ஸட்ஜத்துக்கு (ஸ) ஊதுதுளைப் பக்கமிருந்து 2 துளைகள் மூடியிருக்கும், ரிஷபத்துக்கு (ரி) 1, அந்தர காந்தாரத்துக்கு (க) எதுவுமில்லை. அடுத்த சுத்த மத்தியமத்துக்கு 6 துளைகளையும் ஒரே சமயத்தில் மூடி, அதே நொடியில் காற்றையும் கூர்மையாக்க வேண்டும். ஒரு விரல் தாமதித்தாலும் நடுவில் வேறொரு ஸ்வரம் எட்டிப் பார்க்கும். ‘க ம க ம’ என்று மெதுவாக வாசித்துப் பழகுங்கள்.

தார ஸட்ஜத்துக்கும் (மேல் ஸ்தாயி ஸ) அதே 2 துளைகள்தான். பலமாக ஊதாதீர்கள், சுருதி ஏறும், இரைச்சல் கூடும். உதட்டு இடைவெளியைச் சுருக்கி, உதட்டை ஊதுதுளையின் எதிர் விளிம்புப் பக்கம் சற்றே நகர்த்துங்கள். காற்றின் அளவு கூட வேண்டாம், வேகம் கூடினால் போதும்.

மந்திர பஞ்சமம் (கீழ் ஸ்தாயி ப, 5 துளைகள்) பேசாவிட்டால் மோதிர விரலைக் கவனியுங்கள். மயிரிழைக் கசிவு போதும், ஸ்வரம் மேலே தாவிவிடும். நுனியால் அழுத்தாமல் விரலின் சதைப்பகுதியால் மூடுங்கள்.

வீச்சு சுமார் இரண்டரை ஸ்தாயி. அதன் உச்ச ஸ்வரங்களுக்கு இப்போதே அவசரப்பட வேண்டாம்.