கடன் கொப்பிக்குப் பதில் செயலி: ஏஐ கருவிக்குக் காசு கட்டலாமா?

கேள்வி: ஹட்டனில் சில்லறைக் கடை வைத்திருக்கிறேன். தோட்டத்து ஆட்கள் 80 பேருக்கு மாதக் கடன் கொடுக்கிறேன். சம்பளம் போட்டதும் வந்து கட்டுவார்கள். கொப்பிக்குப் பதில் செயலி செய்து தர ஒருவர் 150,000 ரூபாய் கேட்கிறார். லவபிள், போல்ட் மாதிரி, சொன்னால் செயலி செய்து தரும் ஏஐ கருவிகளில் நாங்களே செய்யலாம், ஆண்டுச் சந்தா எடுத்தால் மலிவு என்கிறான் மகன். எடுக்கலாமா?

பதில்: செய்து பாருங்கள், ஆண்டுச் சந்தா மட்டும் வேண்டாம். முதலில் இலவசக் கணக்கு, பிறகு தேவைப்பட்டால் ஒரே ஒரு மாதம். மாதம் 25 டொலர் என்றால், டொலர் 300 ரூபாய்க் கணக்கில் 7,500. வெளிநாட்டுக் கொடுப்பனவுக்கு வங்கி எடுப்பது தனி. காசு கட்டிய அன்றே தானாகப் புதுப்பிப்பதை நிறுத்திவிடுங்கள். மாதம் முடியும்வரை கருவி வேலை செய்யும்.

உண்மையில் காசு கரைவது திருத்தங்களில். நீங்கள் அனுப்பும் கட்டளைகளுக்கெல்லாம் கிரெடிட் (கணக்கோடு தரும் பாவனை அளவு, போல்டில் இதன் பெயர் டோக்கன்) கழியும். முதல் திரை அரை மணித்தியாலத்தில் பளிச்சென்று வந்துவிடும். பிறகு "மீதி பிழையாக வருகிறது" என்பீர்கள். "திருத்திவிட்டேன்" என்று பதில் வரும், பிழை அப்படியே இருக்கும், கிரெடிட் மட்டும் போயிருக்கும். ஒரே பிழையை மூன்று தடவை சொல்லியும் சரிவராவிட்டால் நாலாம் தடவை சொல்லாதீர்கள். கடைசியாக ஒழுங்காக ஓடிய பதிப்புக்குத் திரும்பிப் போய், வேலையைச் சின்னதாகப் பிரித்துக் கேளுங்கள்.

"கடைக்கு ஒரு ஆப் செய்" என்று தொடங்கினால் கேட்காத பத்துப் பக்கங்கள் வரும். பெயர், டிவிஷன் (தோட்டப் பிரிவு), திகதி, வாங்கிய தொகை, கட்டிய தொகை, அவ்வளவையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். கூடவே ஒரு மாதிரிக் கணக்கு: பழைய பாக்கி 4,200, கட்டியது 3,000, அன்றே வாங்கியது 850, மீதி 2,050. இது சரியாக வந்தபின் அந்த 850ஐ 580 என்று மாற்றுங்கள். மீதி 1,780 ஆகாவிட்டால், மீதியைத் தனி எண்ணாகச் சேமித்திருக்கக்கூடும். "மீதியைச் சேமிக்காதே, ஒவ்வொரு முறையும் பதிவுகளிலிருந்து கணக்கிடு" என்று சொல்லுங்கள்.

அடுத்தது சிக்னல். போனை விமான நிலைக்கு மாற்றி ஒரு பதிவு போட்டு, செயலியை மூடித் திறந்து பாருங்கள். பதிவு காணாமல் போனால் உங்கள் கடைக்கு அது உதவாது. பதிவு இருந்தாலும், அது பிரவுசருக்குள் மட்டும் கிடக்கிறதா என்று கேளுங்கள். அப்படியானால் பிரவுசரைத் துப்புரவாக்கிய நாளில் 80 பேருடைய கணக்கும் போய்விடும்.

(80 பேருக்கு ஒரு கூகுள் ஷீட்டே போதும் என்பது எங்கள் எண்ணம். மகன் கோபிக்கக்கூடாது.)

கேள்வி: ஏஐ செய்து தந்த பில் திரையில் நன்றாக இருக்கிறது. பிடிஎஃப் ஆக்கினால் தமிழ் உடைகிறது. — வாசகி, நுவரெலியா

பதில்: 'தேயிலை'யின் இரட்டைக் கொம்பு 'த'வுக்குப் பின்னால் போய் விழுகிறதா? பிடிஎஃப் ஆக்கித் தரும் ஜேஎஸ்பிடிஎஃப் போன்ற நிரல்கூறுகள் எழுத்துகளைத் தட்டச்சு வரிசையிலேயே வைத்துவிடும். கொம்பை முன்னால் கொண்டுவரத் தெரியாது. எழுத்துருவை மாற்றிப் பயனில்லை. "பிரவுசரின் அச்சு வசதியால் பிடிஎஃப் எடு" என்று கேளுங்கள். பொருள் பட்டியல் பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருந்தால் யூனிகோட்டுக்கு மாற்றிய பிறகே கொடுங்கள்.

கேள்வி: பண்டாரவளையில் எங்கள் தங்குமிடத்துக்கு ஏஐயால் செய்த முன்பதிவுத் தளம் 40,000 ரூபாய்க்கு வருகிறது. என்ன பார்த்து வாங்குவது?

பதில்: இரண்டு விருந்தினர் கணக்கு திறந்து, ஒன்றின் முன்பதிவு இணைப்பை மற்றதில் ஒட்டுங்கள். மற்றவரின் விபரம் திரையில் வந்தால் காசு கொடுக்காதீர்கள். தரவுத்தளத்தில் யார் எந்த வரியைப் பார்க்கலாம் என்ற விதி சரியாகப் போடப்படவில்லை என்று பொருள். அவசரத்தில் செய்த தளங்களில் அடிக்கடி விடுபடுவது இதுதான். விருந்தினரின் பாஸ்போர்ட் எண் வெளியே போனால் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொறுப்பாளராகப் பார்ப்பது முதலில் உங்களைத்தான், செய்து தந்தவரை அல்ல.

டொமைன் (தளத்தின் முகவரி), தரவுத்தளம், கிட்ஹப் (நிரலைச் சேமித்து வைக்கும் இடம்) மூன்றின் கணக்கும் உங்கள் மின்னஞ்சலில் இருக்கட்டும். தரவுத்தளம் சுப்பாபேஸ் என்ற சேவையின் இலவசத் திட்டத்தில் என்றால், ஒரு வாரம் யாரும் தொடாவிட்டால் தூங்கிவிடும். விருந்தினர் வராத மழைக்காலத்தில் அதை எழுப்புவது யார் என்று இப்போதே கேட்டு எழுதி வாங்குங்கள்.