விடிகாலையிலிருந்து விதை ஒரு பக்கம் வீங்கி வலிக்கிறது, என்ன மாத்திரை போடலாம்?

தம்பி, மாத்திரையை அப்புறம் பார்க்கலாம். வயது 19, வண்டன்மேட்டில் ஏலத்தோட்ட வேலை, தூக்கத்தில் திடீரென்று பிடித்த வலி, ஒரு தடவை வாந்தி என்று எழுதியிருக்கிறாய். படித்ததும் கிளம்பு. கட்டப்பனையோ கம்பமோ, எது சீக்கிரமோ அங்கே போ. ஜீப் கிடைக்காவிட்டால் 108.

நான் டாக்டர் இல்லை. கம்பத்தில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். தோட்டத்துப் பையன்கள் வருவார்கள். கடையில் பெண்கள் நின்றால் ஓரமாய் ஒதுங்கி போனை நோண்டிக்கொண்டிருப்பார்கள். கூட்டம் குறைந்ததும் மெதுவாக, "அண்ணே, வயித்து வலிக்கு ஏதாவது குடுங்க." அது முழுப் பொய்யும் இல்லை, விதையில் வலி வந்தால் அடிவயிறும் சேர்ந்து வலிக்கும். ஆனால் ஆஸ்பத்திரியிலும் வயிற்று வலி என்றே சொன்னால் வாயுத் தொல்லை என்று ஊசி போட்டு அனுப்பிவிட வாய்ப்பு இருக்கிறது.

அவசரம் ஏன் என்றால், விதை ஒரு கொடியில் தொங்குகிறது. அதற்கான ரத்தக்குழாயும் அந்தக் கொடிக்குள்தான். சிலருக்கு, அதிகமாக 12 முதல் 18 வயதுக்குள், அது முறுக்கிக்கொள்ளும். உன் வயதிலும் வரும். ரத்தம் நின்றுபோகும். ஆறு மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்து முறுக்கை எடுத்துவிட்டால் பெரும்பாலும் விதை பிழைத்துவிடும். தாமதமானால் விதையையே எடுக்க வேண்டி வரலாம். நேரம் தாண்டிவிட்டதே என்றும் உட்கார்ந்துவிடாதே. வலி தானாக விட்டுப்போனாலும் போய்க் காட்டு. 'சூட்டு வலி, விளக்கெண்ணெய் தடவு' என்று லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) யாராவது பெரியவர் சொல்வார். தலையை ஆட்டிவிட்டு ஜீப்பில் ஏறு.

முறுக்கு இல்லாமலும் இருக்கலாம்தான். கிருமித் தொற்று என்றால் பொதுவாக வலி ஓரிரு நாளில் மெல்ல ஏறும், காய்ச்சல் இருக்கும், சிறுநீர் எரியும். பொன்னுக்கு வீங்கி வந்த சில நாளில் விதை வீங்குவதும் உண்டு. குடலிறக்கம் மாட்டிக்கொண்டாலும் வலிக்கும், அதுவும் அவசரம்தான். எது என்று, ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனும் சிறுநீர்ப் பரிசோதனையும் பார்த்து டாக்டர் சொல்ல வேண்டும். சந்தேகம் பலமாக இருந்தால் ஸ்கேனுக்குக் காத்திராமலேயே ஆபரேஷனுக்கு எடுப்பார்கள். என் கடைக்கு வந்து ஆன்டிபயாடிக் கேட்டால் தரமாட்டேன்.

(இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: வலியே இல்லாத கட்டி தட்டுப்பட்டாலும் காட்டுங்கள். இளவயதில் வரும் விதைப் புற்றுநோய் பெரும்பாலும் வலியில்லாமல்தான் தொடங்கும்.)

கங்காணியிடம் உடம்பு சரியில்லை என்றால் போதும். கேஷுவால்டியில் மட்டும் சுற்றி வளைக்காதே. "விதையில வலி, இத்தனை மணிக்கு ஆரம்பிச்சது" என்று எடுத்ததுமே சொல். கட்டப்பனை கேரளாவில் என்றாலும் அந்தப் பக்கம் தமிழிலேயே சொல்லலாம், புரிந்துகொள்வார்கள். லேடி டாக்டர் இருந்தாலும் இதையேதான் சொல்ல வேண்டும். 18 தாண்டிவிட்டதால் ஆபரேஷனுக்கு நீயே கையெழுத்துப் போடலாம். போகிற வழியில் டீகூட வேண்டாம், மயக்க மருந்து கொடுக்க வயிறு காலியாக இருப்பது நல்லது.