கேள்வி கேட்பது நம்பிக்கைக் குறைவா?

வணக்கம். இரண்டு வருடம் தனியாகப் படித்துக் குழம்பி, பிறகு ஒரு சத்சங்கத்தில் சேர்ந்ததாகவும், அங்கே "கேள்வி கேட்டால் நம்பிக்கை போய்விடும்" என்று வாயை அடைப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் மனசு கனத்துப்போனது. தவறு உங்கள் மேல் இல்லை.

1880-களின் தொடக்கத்தில் நரேந்திரன் (பின்னாளில் விவேகானந்தர்) ராமகிருஷ்ணரிடம் "கடவுளைப் பார்த்திருக்கிறீர்களா?" என்று நேராகவே கேட்டார். அவர் கோபப்படவில்லை. காசைத் தட்டிப் பார்த்து வாங்குவதுபோல என்னையும் சோதித்துப் பார் என்பதுதான் அவர் போக்கு. நரேந்திரனும் லேசில் ஒப்புக்கொள்ளவில்லை. 1902-இல் சிவப்பிரகாசம் பிள்ளை என்ற அன்பர் கேள்விகளோடு போனபோது ரமணர் மௌனத்தில் இருந்தார். ஆனாலும் எழுதிக் காட்டிப் பதில் சொன்னார். 'நான் யார்?' என்ற நூல் அப்படிப் பிறந்ததுதான்.

உங்களை அரிக்கிற ஒரே ஒரு கேள்வியை எழுதுங்கள். "கடவுள் உண்டா" என்று பொதுவாக வேண்டாம். "அவ்வளவு வேண்டியும் ஏன் அப்பாவை இழந்தேன்" என்பதுபோல, வலிக்கிற இடத்திலிருந்து எழுதுங்கள். வழிபாட்டில் ஊறிய மூத்தவர் ஒருவரிடம் அதைக் கொண்டுபோங்கள். "எனக்கும் தெரியவில்லையப்பா" என்று சொல்லக் கூசாதவராக அவர் இருந்தால், மறுபடியும் போங்கள். என் அனுபவத்தில் அப்படிப்பட்டவர்களிடம்தான் ஏதாவது கிடைத்தது.

பணம் கேட்டாலோ, குடும்பத்திடம் மறைக்கச் சொன்னாலோ, அன்றே விலகிவிடுங்கள். இப்போதிருக்கும் இடத்தில் இன்னும் ஒரு முறை, பணிவாக, கேட்டுப் பாருங்கள்.